வீட்டிலேயே மௌனம் பழகும் முறை

தியானம் செய்ய உட்கார்ந்ததுமே மனம் அடங்கிவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்குகிறவர்கள், சில நாள்களிலேயே அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். கண்ணை மூடியதும் அலுவலகக் கணக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் முந்தைய நாள் யாரோ சொன்ன கடுஞ்சொல்லும் வரிசையாக வந்து நிற்பதைக் கண்டு, தமக்கு இது வராது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த இரைச்சல் தியானத்தால் உண்டானதன்று. நாள் முழுவதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறோம். 2010ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர்களான மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாகப் பகலின் பல வேளைகளில் திடீரெனக் கேட்டபோது, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு, அவர்களுடைய மனம் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு வேறெங்கோ திரிந்தது தெரியவந்தது. அப்படித் திரிந்த வேளைகளில் அவர்கள் குறைவான மகிழ்ச்சியோடு இருந்ததும் அதே ஆய்வில் பதிவானது. ஆகவே முதல் நாளில் மனம் அலைந்தால் அதைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் இருந்தபடியே உள்ளத்தின் மௌனத்தைப் பழக விரும்புகிறவர்களுக்கு இரண்டு பயிற்சிகளை இங்கே விளக்குகிறேன். ஒன்று, நாள்தோறும் சிறிது நேரம் அமர்ந்து மூச்சைக் கவனிப்பது. மற்றொன்று, வாரத்தில் ஒரு நாள் சில மணி நேரம் பேசாமல் இருப்பது. தியானம் கற்றுத்தரும் பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். எழுந்தது முதல் உறங்கும் வரை பேச்சிலும் கைப்பேசியிலும் மூழ்கியிருக்கும் மனத்தை, காலையில் கால்மணி நேரம் மட்டும் உட்காரவைத்து அடக்கிவிடலாம் என்று நினைப்பது நியாயமாகாது. வாய்க்கும் ஓய்வு கொடுத்துப் பார்த்தவர்களுக்கே மூச்சுப் பயிற்சியும் கைகூடி வருகிறது என்பதே என் உறுதியான கருத்து.

இடமும் நேரமும்

தனி அறை தேவையில்லை. கூடத்தின் ஒரு மூலையோ பூஜை அறையோ மொட்டை மாடியோ போதும். ஆனால் நாளுக்கு ஓர் இடம் என்று மாற்றாமல் ஒரே இடத்தில் உட்காருங்கள். வீட்டில் மற்றவர்கள் எழும் முன்னர் உள்ள விடியற்காலை நேரம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். நம் மரபு பிரம்ம முகூர்த்தம் என்று சொல்வது சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள் நீடிக்கும் பொழுதை. அந்நேரத்துக்கு எழ இயலாதவர்களும், இரவுப்பணி முடித்து விடியலில் வீடு திரும்புகிறவர்களும் அதற்காக வருந்த வேண்டாம். தம்மால் நாள்தோறும் தவறாமல் ஒதுக்க முடிகிற எந்தப் பொழுதும் நல்ல பொழுதே. சாப்பிட்டவுடன் உட்கார்ந்தால் உறக்கம் வரும் என்பதால் உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது போகட்டும். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்து, நேரம் முடிந்ததைத் தெரிவிக்க மென்மையான ஒலியை அமைத்துக்கொள்ளுங்கள். பின்னணி இசையோ வழிநடத்தும் குரலோ தொடக்கத்தில் இதமாக இருக்கும். ஆயினும் அவற்றுக்குப் பழகிவிட்டால் அவையின்றி உட்காரவே முடியாத நிலை வந்துவிடுகிறது. எனவே முதல் நாளிலிருந்தே அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

உட்காரும் விதம்

ஆசனம் என்பது நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே பதஞ்சலி சொல்லும் இலக்கணம். பத்மாசனம் போட்டுத்தான் தீர வேண்டும் என்று முழங்காலை வருத்திக்கொள்வது அந்த இலக்கணத்துக்கே மாறானது. பாயின் மேல் ஒரு போர்வையை மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்துப் போட்டு, அதன் முன்விளிம்பில் அமர்ந்து சம்மணம் இடுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்போது முதுகு தானாகவே நிமிரும். தட்டையான தரையில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னோக்கிச் சரிந்து, சிறிது நேரத்தில் முதுகு வளைந்து வலிக்கத் தொடங்கும். தரையில் அமர இயலாதவர்கள் நாற்காலியின் முன்பகுதியில், முதுகைச் சாய்க்காமல், இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதியும்படி உட்காரலாம். இது எந்த வகையிலும் குறைந்த பயிற்சியாகாது.

கைகளைக் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டிவிரல் நுனியும் சேர்ந்த சின்முத்திரையாகத் தொடைமேல் வைத்தாலும் சரி, மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் சரி. சிவன் கோயில்களில் கருவறையின் தெற்குச் சுவரில், சின்முத்திரை தாங்கி, பேசாமலே சனகாதி முனிவர் நால்வருக்கும் உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியை நாம் எல்லோரும் கும்பிட்டிருக்கிறோம். அந்தத் திருவுருவத்தின் நிமிர்ந்த முதுகையும் தளர்ந்த தோள்களையும் ஒருமுறை நின்று கவனித்துப் பார்த்தால் உட்காரும் விதம் எளிதில் விளங்கிவிடும். பிறகு தாடையையும் நாக்கையும் கவனியுங்கள். பேசாதபோதும் பலருக்குத் தாடை இறுகியும் நாக்கு மேலண்ணத்தை அழுத்தியும் இருக்கும். அவற்றைத் தளர்த்தியதுமே நெற்றியும் தோளும் ஓரளவு தளர்வதை உணரலாம்.

மூச்சைக் கவனித்தல்

மூச்சு எந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறதோ அந்த இடத்தில் கவனத்தை வையுங்கள். பர்மாவின் சயாஜி ஊ பா கின்னிடம் கற்று 1969 முதல் இந்தியாவில் விபாசனா என்னும் பௌத்தத் தியான முறையைப் பரப்பிய சத்ய நாராயண கோயங்காவின் மரபில், நாசித்துவாரங்களின் வாயிலிலும் மேலுதட்டுக்கு மேலுள்ள சிறு பகுதியிலும் மூச்சின் தொடுகையை உணரச் சொல்வார்கள். அதே பர்மாவில் மகாசி சயாதாவின் மரபில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பார்கள். இரண்டும் நல்ல வழிகளே. ஒன்றைத் தேர்ந்துகொண்டு குறைந்தது இரண்டு மாதமாவது அதிலேயே நில்லுங்கள்.

இது பிராணாயாமம் அன்று. மூச்சை இழுத்து நிறுத்துவதோ அளவு வைத்து விடுவதோ இங்கே இல்லை. மூச்சு நீளமாக வந்தால் நீளமாக வருகிறது என்று அறிய வேண்டும். குறுகியதாக வந்தால் அதையும் அவ்வாறே அறிய வேண்டும். பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த உரைகள் மூச்சுத் தியானத்தைத் தொடங்கிவைப்பதும் இந்த எளிய அறிவுரையோடுதான். கவனம் நிலைக்கவே இல்லை என்றால், வெளிமூச்சு ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் பத்துவரை எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூன்று எண்ணுவதற்குள் மனம் எங்கோ போய்விடும். போனதே தெரியாமல் பதினேழு பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருப்பதும் உண்டு. தெரியவந்ததும் ஒன்றுக்குத் திரும்புங்கள்.

இந்தப் பயிற்சியின் உயிர் அந்தத் திரும்புதலில்தான் இருக்கிறது. மனம் திரிந்துகொண்டிருக்கும் வரை அது திரிவது நமக்குத் தெரிவதில்லை. திரிந்தது தெரிகிற அந்தக் கணத்தில் நாம் ஏற்கெனவே விழித்துக்கொண்டுவிட்டோம். அந்நேரத்தில் நம்மை நாமே கடிந்துகொண்டால், அந்தக் கடிதலும் இன்னோர் எண்ணமாகி அதன் பின்னால் இழுத்துச் செல்லும். நடை பழகும் குழந்தை விழும்போதெல்லாம் கோபமின்றித் தூக்கி நிறுத்தும் தாயைப் போல, எத்தனை முறை போனாலும் அத்தனை முறையும் கவனத்தை மூச்சுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே அமர்வில் நூறு முறை திரும்பியவர் நூறு முறை பயிற்சி செய்திருக்கிறார்.

வெளி ஓசைகளைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். நம் தெருக்களில் முழு அமைதி கிடைப்பதற்கில்லை. குக்கரின் விசிலும் பால்காரரின் மணியும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் இருக்கத்தான் செய்யும். ஓசை காதில் விழுவதால் தொல்லை இல்லை. ‘இந்நேரத்தில் இவர்களுக்கு என்ன தொலைக்காட்சி’ என்று உள்ளே தொடங்கும் வழக்குதான் தொல்லை. ஓசையை ஓசையாகக் கேட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

உடலில் அரிப்போ வலியோ எழுந்தால், உடனே அசையாமல் சில மூச்சுகள் வரை அதை அப்படியே கவனித்துப் பாருங்கள். அரிப்பு கூடி, இடம் மாறி, பெரும்பாலும் தானே மறைவதைக் காண்பீர்கள். தோன்றுவதெல்லாம் மாறுகிறது என்பதைப் படித்து அறிவதற்கும் சொந்தத் தோலில் அறிவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே புரியும். கால் மரத்துப்போவது பொதுவாக எழுந்ததும் சரியாகிவிடும். முழங்காலில் கூர்மையான வலி வந்தால் மட்டும் பொறுத்துக்கொண்டிராமல் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டைக் கெடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய தவம் ஒன்றும் இல்லை.

உறக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் முகம் கழுவி வந்து நின்றபடியே கவனியுங்கள். நாள்தோறும் உட்கார்ந்ததும் உறக்கம் வருகிறது என்றால் உடலுக்கு உறக்கம் போதவில்லை என்று பொருள். அதற்கு மருந்து இரவில் முன்னதாகப் படுப்பதுதான். படபடப்பு மிகுந்திருக்கும் நாளில் மட்டும் முதல் ஐந்தாறு மூச்சுகளை மெதுவாக, வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளும்படி விட்டு, அதன்பின் இயல்பான மூச்சுக்கு மாறலாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றே குறையும். சிலருக்கு மூடிய கண்ணுக்குள் ஒளியோ நிறமோ தோன்றும், உடல் எடையற்றது போலாகும். அவற்றுக்குச் சிறப்பு எதுவும் கற்பிக்காமல் அவையும் வந்துபோகட்டும் என்று விடுங்கள். நேற்று வந்த இன்பம் இன்றும் வர வேண்டும் என்று காத்திருந்து மனம் சோர்ந்து போனவர்கள் பலர்.

முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும். பிறகு பதினைந்து, இருபது என்று கூட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் உட்காருவதே பலன் தரும். முடிந்ததும் துள்ளி எழாமல், கண்ணைத் திறந்தபின் ஒரு நிமிடமாவது அப்படியே இருந்துவிட்டு எழுங்கள்.

அன்றாடச் செயல்களில்

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்காக ஜோன் கபட்-சின் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதில் தொடக்கத்திலேயே ஓர் உலர் திராட்சையைக் கையில் கொடுத்து, அதன் சுருக்கத்தையும் மணத்தையும் சுவையையும் பொறுமையாக உணர்ந்து உண்ணச் செய்வார்கள். நாம் காலை இட்லியின் முதல் மூன்று வாயை அப்படி உண்ணலாம். மொட்டை மாடியில் இருபது அடி தூரத்தைப் பாதம் தரையில் படுவதை உணர்ந்தபடி மெதுவாக நடந்து திரும்பலாம். எட்டு வாரங்களுக்கிடையே ஒரு நாளை முழுக்க மௌனமாகக் கழிப்பதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி. மருத்துவமனைச் சூழலில் உருவான ஒரு பயிற்சியும் பேசாதிருத்தலை விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

வாரத்தில் ஒரு மௌன அரைநாள்

காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் பேசாமல் இருந்தார். நாட்டின் பிரிவினைத் திட்டத்தைப் பற்றி மவுண்ட்பேட்டன் அவரைச் சந்தித்த 1947 ஜூன் 2ஆம் நாளும் திங்கட்கிழமையாக அமைந்தது. அன்றும் அவர் வாய் திறவாமல், பழைய அஞ்சல் உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியே பதில் தந்தார். அவ்வளவு நெருக்கடியிலும் காக்கப்பட்ட ஒரு நோன்பை, நாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் நண்பகல் வரை காப்பது இயலாத காரியமன்று.

முந்தைய நாளே வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் திடீரென்று பேச்சை நிறுத்தினால், என்ன கோபமோ என்று அவர்கள் கலங்குவார்கள். கைக்குழந்தையையோ நோயுற்ற முதியவரையோ கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர்கள், வேறொருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் ஒன்றிரண்டு மணி நேரத்தை மட்டும் தேர்ந்துகொள்ள வேண்டும். குடும்பத்துக்காக நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு இந்த நேரம் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டில் மற்றவர்கள் அன்றைய சமையலை ஏற்றுக்கொண்டு அதை அவர்களுக்குத் தர வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆபத்தோ அவசரமோ நேர்ந்தால் தயங்காமல் பேசுங்கள். தேவையான ஒன்றிரண்டு செய்திகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டலாம். சைகை காட்டியும் முகக்குறிப்பாலும் உரையாடிக்கொண்டிருப்பது பேசுவதற்கு ஒப்பானதே என்பதால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை அணைத்து வையுங்கள். தொலைக்காட்சி, பாட்டு, செய்தித்தாள் ஆகியவற்றோடு நூல் படிப்பதையும் அந்த அரைநாளுக்கு ஒதுக்கி வையுங்கள், ஏனெனில் பிறருடைய சொற்கள் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரை நம்முடைய சொற்கள் ஓய்வதில்லை.

அந்த நேரத்தில் சும்மா படுத்துக்கிடக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு முறை இருபது நிமிடம் அமருங்கள். இடையே வாசல் பெருக்கலாம், துணி துவைக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், கீரை ஆயலாம். கையும் கண்ணும் ஒரே வேலையில் நிற்கும் இத்தகைய பணிகள் மௌனத்துக்கு நல்ல துணை.

முதல் ஒரு மணி நேரம் இனிமையாகக் கழியும். பிறகு கை காரணமின்றிக் கைப்பேசியைத் தேடும். ஏதேனும் ஒன்றை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற தவிப்பு எழும். அதையும் தாண்டியபின், வெளியே வழியின்றி அடைபட்ட பேச்சு உள்ளே பெருகும். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டைக்கு இப்போது பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இல்லாத ஒருவரோடு வாதிட்டு வெல்வீர்கள். இந்த இடத்தில்தான் பலர் மௌனத்தை முறித்துவிடுகிறார்கள். அப்போது செய்ய வேண்டியது, அந்த வாதத்தின் பொருளை விட்டுவிட்டு, அது உடலில் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது: தொண்டை அடைக்கிறதா, மார்பு இறுகுகிறதா, வயிறு கனக்கிறதா, தாடை கடிபட்டிருக்கிறதா? அந்த உணர்ச்சியைச் சில மூச்சுகளுக்குத் தொடர்ந்து கவனித்தால், சொற்கள் ஊட்டம் இழந்து மெலிவதை நேரில் அறியலாம். அவ்வாறு மெலிந்த பின், ஓர் எண்ணம் முடிந்து மற்றொன்று தொடங்குவதற்குமுன் ஒரு சிறிய இடைவெளி தெரியும். அதைப் பிடித்து வைக்க முயன்றால் கலைந்துவிடும். தெரிந்த மட்டும் தெரியட்டும் என்று இருந்தால், வாரங்கள் செல்லச்செல்ல அது அடிக்கடி தென்படும்.

மௌனம் முடிந்ததும் உடனே தொலைபேசியில் யாரையும் அழைத்து அனுபவத்தை விவரிக்காதீர்கள். வீட்டாரோடு அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் பேச்சுக்குத் திரும்புங்கள். அன்று பிற்பகலில் நாக்கின் நுனிவரை வந்து நிற்கும் சொற்களில் எவ்வளவு தேவையற்றவை என்பது அடங்கிய மனத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கணவன் மனைவிக்கிடையே சண்டை வந்தபின் நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பதை எவரும் மௌன விரதம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அது எதிரில் இருப்பவருக்குத் தரும் தண்டனை. மனக்கசப்பு இருக்கும் வாரத்தில் முதலில் பேசித் தீர்த்துவிட்டு, அதன்பின் நோன்பை வைத்துக்கொள்ளுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

கடுமையான மனச்சோர்வு, அடிக்கடி வரும் பீதி, மனச்சிதைவு, ஆழமான அதிர்ச்சியின் நினைவுகள் ஆகியவற்றுக்கு ஆளானவர்கள் நீண்ட மௌனத்தில் இறங்கும் முன் மனநல மருத்துவரைக் கலந்துகொள்வது கட்டாயம். அடங்கிக் கிடந்த நினைவுகள் மௌனத்தில் வலுத்து எழக்கூடும். மாத்திரைக்கு மாற்றாகத் தியானத்தைக் கருதி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. எவருக்காயினும் அமர்ந்திருக்கும்போது தாங்க முடியாத அச்சம் எழுந்தால், கண்ணைத் திறந்து, எழுந்து நின்று, பாதம் தரையில் பதிவதை உணர்ந்து, எதிரில் உள்ள பொருள்களைப் பார்த்து, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வெளியே

சில மாதம் பழகியபின் மௌனத்துக்கென்றே உள்ள இடங்களுக்குச் சென்றுவருவது ஊக்கம் தரும். 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த இரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். சொல்லால் தருவதைவிட மௌனத்தால் தரும் உபதேசமே உயர்ந்தது என்பது அவர் நிலை. இரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஏறும் மலைப்பாதையில் அவ்விரு இடங்களையும் நடந்தே அடையலாம். இரண்டிலும் அமர்ந்து தியானிக்க இடம் உண்டு. ஆசிரமத்தில் தங்க விரும்புவோர் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் உள்ள மாத்ரி மந்திர் என்னும் தியான மண்டபத்தின் உள்ளறையில் சடங்கோ இசையோ இல்லை. அங்கே அமர முன்பதிவு தேவை.

நாள்தோறும் அரைமணி நேரம் இடர்ப்பாடின்றி அமர முடிகிறவர்கள் பத்து நாள் விபாசனா முகாமை எண்ணிப் பார்க்கலாம். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் இத்தகைய முகாம்கள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, முகாமை முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தருவதை வைத்தே இம்மையங்கள் நடக்கின்றன. காலை நான்கு மணிக்கு எழுப்புவார்கள், நாளுக்குப் பத்து மணி நேரம் அளவுக்குத் தியானம் இருக்கும், பத்தாம் நாள் காலை வரை சக பயிற்சியாளர்களிடம் பேச்சோ சைகையோ கூடாது. ஐயங்களை ஆசிரியரிடம் கேட்கலாம். மதிய உணவுக்குப் பின் புதியவர்களுக்கு மாலையில் தேநீரும் சிறிதளவு உணவும் மட்டுமே கிடைக்கும் என்பதால், செல்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவு உணவைக் குறைத்துப் பழகுங்கள். கைப்பேசியை நுழைவிலேயே ஒப்படைக்க வேண்டும் ஆகையால், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய மையத்தின் எண்ணை வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். பதினோராம் நாள் காலையில் முகாம் முடிந்தவுடன் நேரே அலுவலகத்துக்குச் செல்லும்படி பயணத்தை அமைக்காமல், வீட்டில் ஓரிரு நாள் தங்கியபின் பணிக்குத் திரும்பும்படி விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.